ரத்தம் எடுத்தவர்கள் திரும்பி வந்து பதில் சொல்வார்களா? சிகிச்சை, ஆராய்ச்சி, கற்பித்தல் மூன்றும் ஒரே இடத்தில் நடக்கும் மருத்துவமனைகள் பற்றி

#1 கோத்தகிரி_ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே குஞ்சப்பனைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் மாணவன் ஒருவனுக்காக உங்கள் கருத்தைக் கேட்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். இருளர் குடும்பத்துப் பிள்ளை. அவனை அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுத மாட்டேன். நீங்களும் கேட்க வேண்டாம்.

அவனுக்கு அரிவாள்செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. எங்கள் பக்கம் எல்லோரும் அதைச் ‘சிக்கிள் செல்’ என்றே சொல்வார்கள். பனிக்காலம் தொடங்கினால் அவனுக்கு முழங்காலிலும் முதுகிலும் வலி வந்துவிடும். முதல் பாடவேளையில் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்; கூப்பிட்டால் ‘ஒன்னுமில்ல மிஸ்’ என்பான். சென்ற முறை வலி மிகுந்தபோது சமவெளியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் கையிலிருந்த பணம் தீர்ந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த தாளில் ‘காய்ச்சல், உடல்வலி’ என்று மட்டும் எழுதியிருந்தது. நோயின் பெயரே அதில் இல்லை.

கற்பித்தலும் ஆராய்ச்சியும் சேர்ந்து நடக்கும் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு, வேலூருக்கோ அது போன்ற வேறோர் இடத்துக்கோ, அழைத்துச் செல்லலாம் என்று அவனுடைய தந்தையிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘எங்க தாத்தா காலத்துலயே ஜீப்புல வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க டீச்சர். எங்களுக்கு என்ன இருக்குதுன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லல. பெரிய ஆஸ்பத்திரின்னா படிக்கிற புள்ளைங்க வந்து பாப்பாங்க, எழுதிக்குவாங்க, அவ்வளவுதானே’ என்றார்.

என்னால் அவருக்கு மறுமொழி சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது? சிகிச்சை, ஆராய்ச்சி, கற்பித்தல் மூன்றையும் ஒரே நிறுவனம் செய்வதால் எங்களைப் போன்ற மலைப்பகுதி நோயாளிகளுக்கு நன்மைதானா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் அவரிடம் அப்படியே படித்துக் காட்டுவேன்.

#2 குன்னூர்_ஓய்வூதியர்

அம்மா, அந்தப் பெரியவரின் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம். இந்தியாவில் அரிவாள்செல் கூறு (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து, பெரும்பாலும் நோயாக வெளிப்படாத மரபணு மாற்றம்) இருப்பது முதன்முதலில் தெரியவந்த இடங்களில் ஒன்று நம்முடைய நீலகிரிதான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இந்த மலையின் பழங்குடியினரிடம் ரத்தம் எடுத்துச் சோதித்து, இங்கிலாந்தின் மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். அவர் தாத்தா பார்த்த ஜீப்பு அவர்களுடையதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ரத்தம் இங்கே எடுக்கப்பட்டு, அறிவு வேறிடத்தில் சேர்ந்தது என்பது உண்மை. கண்டுபிடிப்பு 1952-ல் வந்துவிட்டது. அந்த நோய்க்கென்று தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு இந்த மலைக்கு வந்து சேர அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஆயின.

நான் குன்னூரில் தடுப்பூசி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே ஆராய்ச்சியைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கில்லை. எங்கள் பாஸ்டியர் நிறுவனம் 1907-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தால் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போக வேண்டும். போய்ச் சேருவதற்குள் காலம் கடந்துவிடும். குன்னூரில் நிறுவனம் வந்த பிறகு, கடிபட்டவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலேறி வந்தார்கள். வந்தவருக்கு ஊசியும் அங்கேயே, ஊசிக்கான மருந்தைத் தயாரிப்பதும் அங்கேயே, அந்த மருந்தை மேம்படுத்தும் ஆய்வும் அங்கேயே. தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசிகளை நினைவிருக்கிறவர்கள் இந்த இழையிலும் இருப்பார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது.

அதே குன்னூரில்தான் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் உணவு ஆராய்ச்சியும் செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, கோதுமை, பால், பருப்பு, காய்கறி சேர்ந்த வடமேற்கு உணவைத் தின்ற எலிகள் வளர்ந்த அளவுக்கு, தீட்டிய அரிசியை நம்பிய தென்னாட்டு உணவைத் தின்ற எலிகள் வளரவில்லை என்று காட்டினார். எவ்வளவு பெரிய வேலை! ஆனால் அந்த ஆய்வுக்கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. தட்பவெப்பம் நன்றாக இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் மலையேறி வந்தது. காரணம் மாறியதும் இறங்கிப் போயிற்று. அதோடு ஒரு மருத்துவமனையும் வார்டும் இணைந்திருந்தால், அவ்வளவு எளிதாகப் பெயர்த்துக்கொண்டு போயிருக்க முடியாது என்றுதான் நான் எப்போதும் நினைப்பேன். நோயாளி படுத்திருக்கும் கட்டிலை யாரும் ரயிலேற்ற முடியாது.

#3 வேலூர்_பழைய_மாணவர்

ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். நான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவன். படிப்பு முடிந்ததும் கட்டாயமாகப் பணிசெய்ய வேண்டிய பாண்டு காலத்தைக் கிராமத்து மிஷன் மருத்துவமனை ஒன்றில் கழித்தவன். எனக்கு அந்த நிறுவனத்தின் மீது பற்று உண்டு. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே நான் எழுதுவதைப் படியுங்கள்.

ஒரே இரவில் பிரசவத்தில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டு, எங்கள் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் மருத்துவரானார் என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அதைத் திரும்பச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுகள்தாம் உங்கள் கேள்வியோடு தொடர்புடையவை. 1900-ல் ஒரே கட்டிலோடு தொடங்கினார். 1902-ல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை வந்தது. அத்தோடு நின்றிருந்தால் அது இன்னொரு நல்ல மருத்துவமனையாக இருந்திருக்கும், அவருக்குப் பின் மங்கியும் போயிருக்கலாம். தாம் ஒருவரே எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று எண்ணி, 1909-ல் செவிலியர் பயிற்சியையும் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1942-ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாயிற்று, 1947-லிருந்து ஆண்களும் சேர்ந்தார்கள். கற்பித்தல் அங்கே சிகிச்சையின் தேவையிலிருந்து பிறந்தது.

ஆராய்ச்சியும் அப்படியே. பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர் 1940-களின் இறுதியில் அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். தொழுநோயால் சதை அழுகித்தான் விரல்கள் உதிர்கின்றன என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். அவர் நோயாளிகளோடு நாள் முழுவதும் இருந்து பார்த்தார். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் எடுக்கிறார்கள், துருப்பிடித்த பூட்டை விரல் கிழியும்வரை திருகுகிறார்கள், இரவில் எலி கடித்தால்கூட விழிப்பதில்லை. வலி தெரியாததால் உண்டாகும் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்பதை அவர் கண்டுகொண்டார். பிறகு, செயலிழந்த தசைக்குப் பதிலாக வேறொரு தசையின் நாணை எடுத்துப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையை வகுத்தார். வார்டில் நோயாளியின் அருகே இருந்ததால் கிடைத்த அறிவு இது. அந்த அறிவு அதே நோயாளியின் கையில்தான் முதலில் பயன்பட்டது. மாணவர்கள் அதைக் கற்று உலகெங்கும் கொண்டுபோனார்கள். மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் பொருள் எனக்கு இதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-ல் அங்கே நடந்தது. 1986-ல் எலும்பு மச்சை மாற்று தொடங்கியது. அதே ஆண்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதைச் சென்னையில் சுனிதி சாலமன் குழுவினர் சேகரித்த ரத்தத்தில் உறுதிசெய்த சோதனை வேலூர் வைரஸ் ஆய்வகத்தில்தான் நடந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான இந்தியத் தடுப்பு மருந்தின் இறுதிக்கட்ட ஆய்வு டெல்லி, புனே, வேலூர் மூன்றிடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்து 2014-ல் வெளியாயிற்று. 2016-லிருந்து அது அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேரத் தொடங்கியது.

ஒரு செய்தியை உங்கள் மாணவனின் தந்தையிடம் அழுத்திச் சொல்லுங்கள். அங்கே மருத்துவர்கள் மாதச் சம்பளத்தில் வேலை செய்கிறார்கள். தனியாகக் கிளினிக் வைத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை ஸ்கேன் எழுதினாலும், எத்தனை அறுவை செய்தாலும் அந்த மருத்துவருக்கு வரும் பணம் ஒன்றே. மீதமாகும் வருமானத்தைப் பங்கு பிரித்துக்கொள்ள முதலாளி என்று ஒருவர் இல்லை; அது கட்டடமாகவும் கருவியாகவும் ஏழை நோயாளியின் சலுகையாகவும் மாறும். லாப நோக்கற்றது என்றால் இலவசம் என்று பலர் நினைத்துக்கொண்டு வந்து ஏமாறுகிறார்கள். தனி அறையில் இருப்பவர் கூடுதலாகக் கொடுப்பதால்தான் பொது வார்டில் இருப்பவருக்குக் குறைக்க முடிகிறது.

#4 தாண்டிக்குடி_விவசாயி

டாக்டர் ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் யாராவது எழுத வேண்டும்.

பழனிமலையில் எங்களுக்கு அவசரம் என்றால் வத்தலக்குண்டு. அதற்கு மேல் என்றால் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை. என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று சொல்லி, ஓர் அறக்கட்டளையின் பெரிய போதனா மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், பெயர் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு ஓ.பி. சீட்டு எடுத்து மாலை நான்கு மணிக்கு மருத்துவரைப் பார்த்தோம். வார்டில் சேர்த்த பிறகு தினமும் ரவுண்ட்ஸ். பெரிய மருத்துவரின் பின்னால் ஏழெட்டு மாணவர்கள். ஒருவர் பின் ஒருவராக என் மனைவியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். ஐந்தாவது பிள்ளை கை வைத்தபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு சொல்லைக் கேட்டதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சொல் நல்லதா கெட்டதா என்று இரவெல்லாம் இருவரும் தூங்கவில்லை. மறுநாள் ஒரு செவிலிப் பெண் வந்துதான், அது புற்று அல்ல, சாதாரணக் கட்டி என்று சொன்னாள்.

சிகிச்சை நன்றாக நடந்தது, அவள் நன்றாக இருக்கிறாள். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பத்தொன்பது நாள் நான் தோட்டத்தை விட்டுவிட்டு அங்கே கிடந்தேன். அறை வாடகை, சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்ந்து மருத்துவமனைக் கட்டணத்துக்குச் சமமாக வந்தது. காப்பி பழுத்து உதிர்ந்த பருவம் அது. மருத்துவமனை லாபம் பார்க்கவில்லை என்பதால் எனக்குச் செலவு குறைந்துவிடவில்லை. மலையிலிருந்து போகிறவனுக்கு எந்த மருத்துவமனையும் தூரமான மருத்துவமனைதான். அந்தப் பையனின் தந்தை பயப்படுவது எனக்குப் புரிகிறது.

#5 கூடலூர்_செவிலி

தாண்டிக்குடி அண்ணா சொன்ன ஐந்தாவது கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் மாணவச் செவிலியாக ஒரு கட்டிலைச் சுற்றி நின்றவள்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேரோடு நிறுத்தியிருக்க வேண்டும். போர்வையை இழுத்துவிட்டு, தமிழில் சொல்லியிருக்க வேண்டும். கற்பிப்பவர் இதைக் கற்பிக்கவில்லையென்றால் அது கற்பித்தலில் வந்த குறை. அந்தக் குறைக்காக மாணவர்களே இல்லாத மருத்துவமனை நல்லது என்று சொல்லிவிட வேண்டாம் அண்ணா. மாணவர்கள் இருக்கும் வார்டில்தான் ராத்திரி இரண்டு மணிக்கும் கேஸ் ஷீட்டை எடுத்துப் படிக்க ஒருவர் இருப்பார். ‘ஏன் இந்த மருந்து’ என்று கேட்கும் வாய் இருப்பதால் பெரியவர்களும் கவனமாக எழுதுவார்கள்.

இனி சிக்கிள் செல் பற்றி. ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் ஓர் இடத்தில் மாறிப் பிறப்பதால், பிராணவாயு குறையும்போது வட்டமான அணு அரிவாள்போல் வளைந்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் சிறிய ரத்தக்குழாய்களில் அடைத்துக்கொள்ளும்போதுதான் அந்த வலி. குளிர், தண்ணீர் போதாமை, காய்ச்சல், அளவுக்கு மீறிய ஓட்டம் ஆகியவை வலியைக் கிளப்பும். அப்பா, அம்மா இருவருக்கும் கூறு மட்டும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. கூறு மட்டும் இருப்பவருக்குப் பெரும்பாலும் தொல்லை இல்லை; மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு காப்பும் உண்டு. மலேரியா மிகுந்த காடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த மக்களிடம் இது நிலைத்ததற்கு அதுவே காரணம். ஆகவே இது குலத்தின் குறை அல்ல, சாபமும் அல்ல என்பதை அந்த வீட்டில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

நீலகிரியில் எங்கள் கூடலூர்ப் பக்கத்தில் 1980-களின் இறுதியில் பழங்குடி மக்களின் நில உரிமைக்காகச் சங்கம் அமைந்தது. அந்த மக்களின் உடல்நலத்துக்காக 1990-ல் அஸ்வினி என்ற அமைப்பு உருவாகி, அதிலிருந்து கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வளர்ந்தது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆனார்கள். ‘கற்பித்தல்’ என்றால் வெளியூர் மாணவர் வந்து நம் வயிற்றை அழுத்திப் பார்ப்பது மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நம் பிள்ளை கற்பவராக உட்காரும்போது அந்த வார்டின் மொழியே மாறிவிடுகிறது. காட்டிலிருந்து வந்த பாட்டி கட்டிலின் கீழே தரையில் படுத்துக்கொண்டால், அவளை யாரும் அதட்டுவதில்லை. ஏன் படுத்தாள் என்று செவிலிக்குத் தெரியும்.

ஆசிரியை அக்கா, அந்தத் தம்பிக்கு ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை தொடங்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தினமும் சாப்பிட வேண்டும்; குறித்த இடைவெளியில் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். வலி வரும் தடவைகளைக் குறைக்கும். வெந்நீர்க் குளியல், காலுறை, பையில் தண்ணீர் பாட்டில், ஓட்டப்பந்தயத்திலிருந்து விலக்கு ஆகியவற்றை நீங்களே பள்ளியில் செய்து கொடுக்கலாம். வகுப்பு நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று எல்லா ஆசிரியர்களிடமும் சொல்லிவையுங்கள். காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனை. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

#6 கொடை_நூலகர்

இடையில் ஒரு சிறு தகவல். ஐடா ஸ்கடர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் எங்கள் கொடைக்கானலில்தான் வாழ்ந்தார். ‘ஹில்டாப்’ என்று பெயரிட்ட தம்முடைய வீட்டில் 1960 மே மாதத்தில் மறைந்தார். பழனிமலைக்கும் வேலூருக்கும் அப்படி ஓர் உறவு இருக்கிறது. ஆனால் அந்த உறவால் மலைக்கு ஒரு போதனா மருத்துவமனை கிடைக்கவில்லை என்ற தாண்டிக்குடி நண்பரின் வருத்தம் எனக்கும் உண்டு. மலையடிவாரத்து ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் இளம் மருத்துவர்கள் சிலர் கூடித் தொடங்கிய கிறித்தவ ஐக்கிய மருத்துவமனை பல தலைமுறைகளாக எங்களுக்குத் துணையாக இருப்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

#7 வேலூர்_பழைய_மாணவர்

தாண்டிக்குடி ஐயா, உங்கள் மனைவிக்கு நேர்ந்ததற்கு என்னிடம் நியாயம் இல்லை. அப்படிச் சுற்றி நின்ற மாணவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். தூரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரி. அந்தத் தூரத்துக்கு மறுமொழியாகத்தான் வேலூரில் 1977-ல் கே.வி.குப்பத்தில் கிராமிய நலப் பிரிவு ஒன்றைத் தனியாக அமைத்தார்கள். நகரின் ஏழைகளுக்கென்று செலவு குறைந்த சிகிச்சைப் பிரிவும் உண்டு. ஸ்பான்சர் பெற்றுச் சேரும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டாண்டுகள் சிற்றூர் மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும் என்ற பாண்டும் அதன் பொருட்டே. அப்படிப்பட்ட மாணவர்களைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகவே அந்தக் கல்லூரி 2017-ல் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றைத் தவிர எதையும் நிரப்பாமல் இருந்தது. கடைசியில் நீட் தேர்வு எல்லோருக்கும் பொருந்தும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பதை இங்கே பேச வேண்டாம், இழை திசைமாறிவிடும். யாரைச் சேர்க்கிறோம் என்பதும் மலைக்கு யார் மருத்துவராக வருகிறார் என்பதும் ஒரே கேள்வி என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இனி, ரத்தம் எடுத்துப் போய்த் திரும்பி வராதவர்கள் பற்றிய கேள்வி. அந்தத் தந்தையின் கேள்விகளில் இதுதான் மையமானது. 1952-ன் நிலைமை இன்று இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஆய்வுக்கு ரத்தம் எடுக்கும் முன் நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுதிய தகவல் தாள் கொடுத்து, விளக்கி, ஒப்புதல் பெற வேண்டும். அதன் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத உங்கள் மாணவன் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலோடு அவனுடைய இசைவும் எழுத்தில் வேண்டும். அவன் தலையசைக்கவில்லை என்றால் தந்தை கையெழுத்திட்டும் பயனில்லை. ஒவ்வொரு ஆய்வையும் ஒரு நெறிமுறைக் குழு முன்கூட்டியே அங்கீகரிக்க வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு உண்டு. ‘சேர மாட்டேன்’ என்று சொன்னாலும், சேர்ந்த பிறகு விலகினாலும், சிகிச்சையில் ஒரு துளியும் குறையக் கூடாது.

அவர் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுங்கள். இந்த ரத்தம் எனக்கான சோதனைக்கா, ஆய்வுக்கா? ஆய்வுக்கு என்றால் முடிவை எனக்கு யார், எப்போது, எங்கே வந்து சொல்வார்கள்? மீதமுள்ள ரத்தத்தை என்ன செய்வீர்கள்? இந்த மூன்றையும் கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் அங்கே கையெழுத்திட வேண்டாம்.

ஆனால் எல்லா ஆராய்ச்சியையும் விலக்கிவிடவும் வேண்டாம். ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய்க்கு, ரத்தத்தை உருவாக்கும் நோயாளியின் சொந்த மூலச்செல்களிலேயே சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சையை வேலூரில் ஐந்து பேருக்குச் செய்து, 2024-ன் இறுதியில் வெளியிட்டார்கள். அரிவாள்செல் நோயும் ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான். இந்த வழி அந்தப் பையனின் நோய்க்கும் ஒரு நாள் நீளும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. அந்த நாள் வரும்போது பெயர்ப் பட்டியலில் இருளர், பணியர் பிள்ளைகளும் இருக்க வேண்டுமென்றால், அவர்கள் இன்றைக்கே ஒரு மருத்துவமனையின் கோப்பில், சரியான நோயின் பெயரோடு இருக்க வேண்டும். ‘காய்ச்சல், உடல்வலி’ என்ற தாளோடு வீட்டில் இருக்கும் பிள்ளையை எந்த ஆராய்ச்சியும் தேடி வராது.

#8 குன்னூர்_ஓய்வூதியர்

டாக்டர் ஐயாவின் கடைசி வரியை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ஊட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நீலகிரியும் ஒன்று, திண்டுக்கல்லும் ஒன்று. அதாவது இந்த இழையில் பேசும் இரண்டு மலைகளின் மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் கல்லூரி கிடைத்தது. ஊட்டியில் 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதில் 50 படுக்கைகள் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளன. சிகிச்சையும் கற்பித்தலும் எங்கள் மலைக்கு வந்துவிட்டன.

மூன்றாவது காலான ஆராய்ச்சி மட்டும் மீதமிருக்கிறது. மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாள்செல் ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டிருக்கிறது. சோதிக்கும் வேலையை முகாம் போட்டு முடித்துவிடலாம். அதற்குப் பின், கூறு இருப்பதாகத் தெரிந்த பெண்ணுக்குத் திருமணத்துக்கு முன்பு யார் எடுத்துச் சொல்வது, மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் ரத்தம் பார்ப்பது என்பவற்றை முகாம் செய்யாது. ஊட்டிக் கல்லூரியின் மாணவர்கள் தங்கள் படிப்பின் ஒரு பகுதியாக இதைத் தொடர்ந்து செய்து, பத்தாண்டுகள் பதிவு வைத்தால், உலகமே கேட்டு வாங்கிப் படிக்கும் ஆராய்ச்சி அது. அதற்கு ரயிலேறிப் போக வேண்டிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நல்ல பதிவேடும், ஊர் ஊராகப் போகும் ஒரு ஜீப்பும் போதும். இந்த முறை ஜீப்பு திரும்பி வர வேண்டும்.

#9 தாண்டிக்குடி_விவசாயி

செவிலித் தங்கை எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். ‘போர்வையை இழுத்துவிட்டு’ என்ற இடத்தில் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். நான் என் கருத்தை முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை; தூரமும் செலவும் அப்படியே இருக்கின்றன. ஆனால் டாக்டர் ஐயா சொன்ன மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பளியர் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்கும் கொடுத்திருக்கிறேன்.

#10 கோத்தகிரி_ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், இந்த இழையை முதலிலிருந்து தந்தைக்கும் பாட்டிக்கும் படித்துக் காட்டினேன். 1952 என்ற இடம் வந்ததும் பாட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, அந்த ஆண்டைத் தம் பிள்ளைகளின் வயதோடு வைத்து எண்ணிப் பார்த்தார். ‘அப்ப அது பொய் இல்ல’ என்று மட்டும் சொன்னார். தாங்கள் சொல்லிவந்ததை ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன்; அதற்குப் பிறகுதான் பேச்சே நகர்ந்தது.

முதலில் ஊட்டிக்குப் போனோம். பையனுக்குப் புதிதாக ரத்தப் பரிசோதனை செய்து, தாளில் நோயின் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுத்தார்கள். பயிற்சி மருத்துவப் பெண் ஒருவர் அவனிடம் குடும்பத்தில் யார் யாருக்கு வலி வரும் என்று கேட்டு, மரக்கிளைபோல ஒரு படம் வரைந்தார். தன் பெயர் ஒரு கிளையின் நுனியில் நிழலிட்ட கட்டமாக இருப்பதை அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். ‘இந்தப் படம் எனக்கா, உங்களுக்கா?’ என்று தந்தை கேட்டார். டாக்டர் ஐயா எழுதிய முதல் கேள்வி அது. அந்தப் பெண் இரண்டாவது தாள் எடுத்து, அதே படத்தை இன்னொரு முறை வரைந்து அவரிடம் கொடுத்தார்.

மாத்திரை தொடங்கியாயிற்று. எலும்பு மச்சை மாற்று பற்றிய ஆலோசனைக்காக வேலூருக்கு ஒருமுறை போய்வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவனுடைய தங்கையின் ரத்தம் பொருந்துமா என்று பார்க்க வேண்டுமாம். தந்தை யோசிக்கிறார். தேர்வு முடிந்த பிறகு போகலாம் என்கிறான் பையன். மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் காட்பாடியில் இறங்கலாம் என்று தெரிகிறது. அந்த நேரத்தில் குளிரில் பிளாட்பாரத்தில் அவனை உட்காரவைக்கக் கூடாது என்பதால், காட்பாடி ரயில் நிலையத்திலேயே தங்கும் அறை கிடைக்குமா, அதை முன்பதிவு செய்ய முடியுமா என்று போய்வந்தவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். மூவர் போகிறோம், பாட்டியும் வருகிறேன் என்கிறார், வந்தால் நால்வர்.